நாரைக்கு அரிவாள் கொடுத்தது யார்?

"திருட்டுக் கொடுத்தவங்களே திருடனுக்குச் சாப்பாடு கொண்டு வர்றதை நான் இப்பத்தான் பாஸ் பார்க்கிறேன்" என்றாள் ரேடியோ.

காவல் நிலையத்தின் பின்பக்க அறை. கம்பிக்கு அந்தப் பக்கம் தையல்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மூடி திறந்த எவர்சில்வர் டப்பா. சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் கொண்டு வந்தது?" துப்பறிவாளர் இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

"ஏரிக் காப்பகத்து ரேஞ்சர் அம்மா. இவனைப் பிடிச்சுட்டு வந்த நாள்லேர்ந்து தினமும் அவங்கதான் குடுத்துட்டுப் போறாங்க. இளகின மனசு."

"மனசு இளகிடுச்சா, வேற எதாவது கரைஞ்சிடுச்சா?" என்றாள் ரேடியோ.

இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தார். முறைத்தால் அடங்குகிற வாய் அது இல்லை. அந்த வாய்க்காகத்தான் துப்பறிவாளரின் உதவியாளரான அவளுக்கு ரேடியோ என்று பெயர். துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். அவர் கார் ஓட்டினால் பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள். ஆனால் அவர் எடுத்த வழக்கில் தப்பான ஆள் உள்ளே போனதாக இதுவரை சரித்திரம் கிடையாது.

இந்த வழக்கில் உள்ளே இருப்பவர் தப்பான ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்தது தையல்காரரின் தங்கை.

நடந்தது இவ்வளவுதான். ஊருக்கு வெளியே பெரிய ஏரி, அதைச் சுற்றி நாணல் காடு, எல்லாம் சேர்ந்து ஒரு காப்பகம். அங்கே ஆளின் நெஞ்சு உயரம் வளரும் ஓர் அபூர்வ நாரை இனம் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து கூடு கட்டியிருப்பதாக ரேஞ்சர் அம்மா அறிவித்தார். கூட்டுப் பக்கம் போகும் நடைபாதையை மூடினார். போன வாரம் முட்டைகளைக் காணவில்லை என்று செய்தி பரவியது. ஊரே கொந்தளித்தது. போலீஸ் நேராகத் தையல்காரர் வீட்டுக்குப் போய் நின்றது. காரணம், கடைசியாக அந்த நாரைகள் கூடு கட்டியபோது முட்டைகளை எடுத்தவர் அவர்தான். பறவை முட்டை சேர்க்கிற பைத்தியம். பிடிபட்டு ஜெயிலுக்கும் போய் வந்தவர்.

"அப்போ எடுத்தேன். இல்லைன்னு சொல்லலை" என்றார் தையல்காரர். "அதுக்கப்புறம் ஒரு கோழி முட்டையைக்கூட நான் கையில எடுக்கிறதில்லை, சார். என் கடைக் கண்ணாடியை உடைச்சிட்டாங்களாம். தைக்கக் குடுத்த துணியெல்லாம் தெருவில கிடக்குதாம். என் தங்கச்சி வெளியில தலைகாட்ட முடியலை."

"ரேஞ்சர் அம்மா உங்ககிட்ட என்ன பேசறாங்க?"

"ஒண்ணும் பேசறதில்லை. டப்பாவை வெச்சுட்டு நிப்பாங்க. 'சாப்பிடுங்க'ன்னு சொல்லுவாங்க. என் முகத்தைப் பார்க்க மாட்டாங்க."

நிதானம் எழுந்தார். "நம்ம வழி இந்த டப்பாவிலேர்ந்துதான் ஆரம்பிக்குது, ரேடியோ."

"சாப்பாட்டு நேரத்தில எனக்கும் அப்படித்தான் பாஸ் தோணும்."

---

காப்பகத்தின் நுழைவாயிலில் டிக்கெட் கொடுப்பவர் கூண்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். நிதானம் ஜன்னலில் முழங்கையை ஊன்றினார்.

"முட்டையைக் காணோம்னு முதல்ல சொன்னது யாரு?"

"ரேஞ்சர் அம்மாதாங்க."

"அவங்க போலீசுக்குச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடியே அன்னிக்கு இங்க சுத்திப் பார்க்க வந்த டீச்சருங்க போன்ல அது பரவிடுச்சே. அவங்ககிட்ட விசாரிச்சுட்டுத்தான் வர்றேன். ஒரு ஆம்பளை ஓடி வந்து கத்தினார்னு சொல்றாங்க. யூனிஃபார்ம் போட்டிருந்தாராம்."

டிக்கெட்காரர் ஒரு டிக்கெட்டைக் கிழித்தார். வாங்க யாரும் நிற்கவில்லை.

"இங்க ரேஞ்சர் எத்தனை பேர்?" என்றாள் ரேடியோ.

"ஒருத்தர்தாங்க. அம்மா மட்டும்."

"அம்மாவுக்கு ஆம்பளைக் குரலா?"

டிக்கெட்காரர் இன்னொரு டிக்கெட்டைக் கிழித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அம்மா மதகுக்கிட்ட இருக்காங்க. அவங்களையே கேட்டுக்குங்க."

அவர் பொய் சொல்கிறார் என்பது தெரிந்தது. பயந்து சொல்லும் பொய்யாகத் தெரியவில்லை. யாரையோ பத்திரமாகப் போர்த்தி வைக்கிற மாதிரி சொன்னார். நிதானம் மேற்கொண்டு துருவவில்லை.

மதகில் ரேஞ்சர் அம்மா தொடை வரை ஏறிய ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் நின்று நீண்ட வாரியால் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கரையில் குவிந்திருந்த பச்சை மலையைப் பார்த்தால் விடிந்ததிலிருந்து இழுக்கிறார் என்று புரிந்தது. பக்கத்தில் முள்கம்பிச் சுருள், குறடு, குப்பை பொறுக்கிய சாக்கு.

"இதெல்லாம் நீங்க ஒரே ஆளா செய்யறீங்களா?" என்றாள் ரேடியோ.

"இதை முடிச்சாத்தான் மேல வேலி கட்ட முடியும். வேலி கட்டலைன்னா மாடு உள்ள வந்து நாணலை மேய்ஞ்சிடும். நாணல் போச்சுன்னா பறவை போச்சு." வாரியை நிறுத்தாமலே சொன்னார். "நீங்க தையல்காரருக்காக வந்தவங்கதானே? அவர் எடுக்கலை. நான் இன்ஸ்பெக்டர்கிட்டயே சொல்லிட்டேன்."

"எப்படித் தெரியும், எடுக்கலைன்னு?"

வாரி நின்றது.

"தெரியும்."

"வேற யாரு எடுத்தாங்கன்னும் தெரியுமா?"

ரேஞ்சர் அம்மா பதில் சொல்வதற்குள் அவர் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. வடக்குக் கரையில் யாரோ நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள், அது வாத்துக் கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டது. அவர் வாரியைப் போட்டுவிட்டுக் கரையேறினார். ஓடும்போதே திரும்பி, "கூட்டுப் பக்கம் போயிடாதீங்க. பாதை மூடியிருக்கு" என்றார்.

'கூடு கட்டும் காலம். நடைபாதை மூடப்பட்டுள்ளது' என்ற பலகை முன்னால் நின்றது. ரேடியோ அதைப் பார்த்தாள். பிறகு நிதானத்தைப் பார்த்தாள். நிதானம் களை அள்ளும் தட்டைப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதையைத்தானே மூடியிருக்காங்க" என்றார். "தண்ணியை மூடலையே."

---

நாணலுக்கு நடுவே ஒரு சின்னத் திட்டு. அதன்மேல் வட்டமாக அடுக்கிய கூடு. மழையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிதானம் படகை ஒட்டி நிறுத்திவிட்டு ஏதும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாஸ், கூடு எதாவது சொல்லுதா?"

"என்ன இல்லைன்னு பாரு."

ரேடியோ பார்த்தாள். "முட்டை இல்லை."

"அது எல்லாருக்கும் தெரியும். வேற?"

அவள் குனிந்தாள். தண்ணீரைத் தொட்டாள். இறங்கித் திட்டைச் சுற்றி வந்தாள். "எச்சம் இல்லை, பாஸ். ஒரு சொட்டு வெள்ளைகூட இல்லை. இறகும் இல்லை. வாடகைக்கு இருந்தவன் ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணினாலும் சுவத்துல ஆணி ஓட்டையாவது இருக்கும். இங்க ரெண்டு பெரிய பறவை வாரக்கணக்கா குடும்பம் நடத்தியிருக்கு. ஒரு ஓட்டைகூட இல்லையே."

"மழை கழுவியிருக்கும்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்கதான்."

"அப்ப மழை கழுவாததைப் பாரு." நிதானம் கூட்டிலிருந்து ஒரு நாணல் தண்டை உருவி நீட்டினார்.

தண்டின் அடி சாய்வாக, வழவழவென்று, ஒரே வீச்சில் அறுபட்டிருந்தது. அவள் இன்னொன்றை உருவினாள். அதுவும் அப்படியே. நாலைந்து உருவினாள். பறவை அலகால் பிய்த்தால் நார் நாராகக் கிழிந்திருக்கும்.

"நாரைக்கு அரிவாள் கொடுத்தது யாரு, பாஸ்?"

"நல்ல கேள்வி" என்றார் நிதானம். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு கூடு சாய்ந்திருந்த பக்கம் தண்ணீருக்குள் கையை விட்டார். சேற்றைத் துழாவினார். நிதானமாகத்தான். கை வெளியே வந்தபோது உள்ளங்கையில் நீள உருண்டையாக ஒரு கல் இருந்தது. மறுபடியும் விட்டார். இன்னொரு கல்.

இரண்டிலும் வெளிர் நிறம் பூசி, அதன்மேல் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பழுப்புப் புள்ளிகள் வைக்கப்பட்டிருந்தன.

"திருட்டுப் போன சொத்து கிடைச்சாச்சு" என்றார்.

ரேடியோ கல்லை வாங்கிப் புரட்டினாள். "அப்ப நாரையே வரலை. கூடு கட்டினது ரேஞ்சர் அம்மா. முட்டை போட்டதும் ரேஞ்சர் அம்மா. திட்டு சாய்ஞ்சு கல்லு உருண்டு தண்ணியில விழுந்திருக்கு. உடனே திருட்டுன்னு கிளப்பி விட்டுட்டாங்க. எதுக்கு? பேப்பர்ல போட்டோ வரணும், பதவி உயரணும். நடுவுல ஒரு தையல்காரர் மாட்டிக்கிட்டார். அந்தக் குற்ற உணர்ச்சிக்குத்தான் டப்பா. வழக்கு முடிஞ்சது. சாப்பிடப் போலாமா?"

"பேர் வாங்கறதுக்குப் பண்ணினா நாலு பேர் பார்க்கிற இடத்துல கட்டியிருப்பாங்களே? பாதையை ஏன் மூடணும்?"

"கிட்டப் பார்த்தா குட்டு வெளிப்பட்டுடும்னு."

"கிட்டப் பார்க்க வேணாம்னா சரி. அங்கேர்ந்து ஒருத்தர் பார்த்திருக்காரே."

நிதானம் கை காட்டிய இடத்தில், கரையோரம், நாணலுக்குள் பாதி மறைந்து ஒரு மரக்குடில். பறவைகள் கலையாமல் உள்ளே உட்கார்ந்து துளை வழியாகப் பார்ப்பதற்காகக் கட்டியது. துளை நேராகக் கூட்டைப் பார்த்து இருந்தது.

---

குடிலுக்குள் ஒரு முக்காலி. மேலே தைத்துப் போட்ட பஞ்சு மெத்தை. ஆணியில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்ட தண்ணீர் பாட்டில். துளையின் கீழ்ச் சட்டம் இரண்டு முழங்கைகள் ஊன்றி ஊன்றிப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"யாரோ தினமும் ட்யூட்டி பார்த்திருக்காங்க" என்றாள் ரேடியோ. "கல்லைக் காவல் காக்க ஒரு ஆளா?"

"வாசல்ல பாரு."

குடில் வாசலில் தொடங்கி மரத்துக்கு மரம் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு போயிற்று. மூடிய நடைபாதை நெடுக.

"துணி காயப்போடவா இவ்வளவு நீளக் கயிறு?"

"கையால தொட்டுப் பாரு."

தொட்டாள். கயிறு முழுக்க மழுமழுவென்று எண்ணெய் ஏறியிருந்தது. ஒரே கை திரும்பத் திரும்பப் பிடித்து நடந்த கயிறு. அதைப் பிடித்துக்கொண்டே இருவரும் நடந்தார்கள். அது வளைந்து, ஒரு ஓடையைப் பாலத்தில் தாண்டி, ரேஞ்சர் குடியிருப்பின் பின்கதவில் வந்து முடிந்தது.

கொடியில் இரண்டு காக்கிச் சீருடைகள் காய்ந்தன. ஒன்று ரேஞ்சர் அம்மாவின் அளவு. இன்னொன்று நல்ல உயரமான ஆணுடையது. தோள் பட்டையில் பழைய முத்திரை. இப்போது யாரும் அணியாத முத்திரை.

பின்கதவு திறந்திருந்தது. ரேடியோ உள்ளே கால் வைத்தாள்.

அலமாரியில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு: 'தட்டு'. அடுத்து 'டம்ளர்'. ஒரு கதவில் 'குளியலறை'. இன்னொரு கதவில் 'இது வெளியே போகும் கதவு. கயிற்றைப் பிடித்துக்கொள்ளவும்.' அடுப்பின் மேல் 'தொடாதீர்கள்'. சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ இருந்தது. அதில் மட்டும் எந்தச் சீட்டும் இல்லை.

"உக்காருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ரேஞ்சர் அம்மா. ஓடி வந்திருக்கிறார், மூச்சு இரைத்தது. பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது. நிதானத்தின் கையிலிருந்த கற்களைப் பார்த்தார்.

"நான் வண்ணம் பூசினது. வேற யாரும் இல்லை" என்றார். "டிக்கெட் குடுக்கறவருக்கு இதுல சம்பந்தம் இல்லைங்க."

"யாருக்காகப் பூசினீங்கன்னுதான் நாங்க கேக்க வந்தோம்" என்றார் நிதானம்.

ரேஞ்சர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்ற முயன்றார். முடியவில்லை. ரேடியோ கேட்காமலே மண்டியிட்டு இழுத்துக் கழற்றினாள்.

"எனக்கு முன்னாடி இங்க அவர்தான் ரேஞ்சர். என் வீட்டுக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எனக்கு வேலை கத்துக் குடுத்தவர். கால் வலின்னு சீக்கிரமே ஓய்வு வாங்கிட்டார்னு ஊருக்குச் சொல்லியிருக்கோம். கால் இல்லைங்க. மறதி. முதல்ல பேரு மறந்துச்சு, அப்புறம் வழி. அப்புறம் வருஷம் வருஷமா எல்லாம். ஆனா வேலை மட்டும் மறக்கலை. காலையில எழுந்தா யூனிஃபார்ம் போட்டுக்குவார், கூட்டைக் காவல் காக்கணும்னு கிளம்பிடுவார். நாரைங்க போயே எவ்வளவோ வருஷம் ஆச்சு. தையல்காரர் முட்டையை எடுத்தாரே, அந்த ஜோடி அப்புறம் வரவே இல்லை. அது இவருக்கு ஞாபகம் இல்லை."

"கூடு இல்லாத இடத்துல போய் நின்னாரா?"

"நின்னு வர்றவங்களையெல்லாம் 'சத்தம் போடாதீங்க, கூடு இருக்கு'ன்னு தடுப்பார். 'எங்க இருக்கு கூடு'ன்னு கேட்பாங்க. காட்ட முடியாது. சிரிப்பாங்க. ஒரு நாள் யாரோ அதைப் படம் பிடிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க." அவர் குரல் மாறவில்லை. கை மட்டும் பூட்ஸ் கழன்ற காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "வாழ்நாள்ல ஒரு பொய் சொல்லாத மனுஷன். அவரை ஊர் பொய்யனாக்கி சிரிக்குது. எனக்குத் தாங்கலைங்க. அதனால நான் பொய் சொன்னேன். நாணல் அறுத்துக் கூடு கட்டினேன். நாரை வந்திருக்குன்னு எழுதிப் பாதையை மூடினேன். அப்புறம் யாரும் அவரைத் தொந்தரவு பண்ணலை. காலையில கயித்தைப் பிடிச்சுட்டுப் போவார். சாயங்காலம் வந்து, 'ரெண்டும் பத்திரமா இருக்கு'ம்பார். நிம்மதியா தூங்குவார்."

"அப்புறம் மழை வந்தது."

"கூடு சாய்ஞ்சதை நான் கவனிக்கலை. வேலி விழுந்ததுல அந்தப் பக்கம் போயிருந்தேன். அவர் பார்த்துட்டார். முட்டையைக் காணோம்னு வாசல் வரைக்கும் ஓடிட்டார். அத்தனை பேருக்கு முன்னாடி நின்னு அழுதார்." சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். "முட்டையே இல்லைன்னு அங்கேயே சொல்லியிருக்கணும். அவர் முகத்தைப் பார்த்துட்டு என்னால சொல்ல முடியலை. மறுநாள் தையல்காரரைப் பிடிச்சுட்டாங்க."

ரேடியோ மெல்லக் கேட்டாள். "அக்கா, உங்க நாரைங்க போனதே அந்த ஆளாலதானே? அவர் உள்ளேயே இருந்தா என்னன்னு தோணலையா?"

"தோணுச்சு" என்றார் ரேஞ்சர் அம்மா. "முதல் நாள் தோணுச்சு. ஆனா அன்னிக்கு அவர் எடுத்தது நிஜ முட்டை. அதுக்குத் தண்டனை அனுபவிச்சுட்டார். இல்லாத முட்டைக்கு இன்னொரு தடவை எதுக்கு அனுபவிக்கணும்? தினமும் உண்மையைச் சொல்லிடணும்னுதான் ஸ்டேஷனுக்குப் போறேன். டப்பாவை வெச்சுட்டுத் திரும்பி வந்துடறேன்."

அவர் எழுந்தார். "ஜீப்பை எடுக்கறேன். இன்னிக்குச் சொல்லிடறேன்."

அப்போது பின்கதவில் கயிறு அசைந்தது.

---

உயரமான மனிதர். இஸ்திரி போட்ட காக்கி, ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. தலை நிறைய நரை. நிதானத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து கை கொடுத்தார்.

"மேலிடத்துலேர்ந்து வந்திருக்கீங்களா? முட்டை விஷயமா?"

"ஆமாங்க" என்றார் நிதானம்.

"என் தப்பு சார். நான்தான் காவல். எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க. அந்தப் பொண்ணு மேல எதுவும் எழுதிடாதீங்க." ஜீப் சாவியோடு நின்ற மனைவியைக் காட்டினார். "புதுசா சேர்ந்திருக்கு. நல்ல பொண்ணு. கை காலெல்லாம் முள்ளு கிழிச்சாலும் வேலி கட்டறதை விடாது."

ரேஞ்சர் அம்மா தலை குனிந்து நின்றார்.

கணவர் நிதானத்தின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எல்லாருக்கும் கேட்டது. "உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அவகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். குஞ்சு பொரிச்ச அன்னிக்கு, கூட்டுக்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, அங்க வெச்சுக் கேக்கலாம்னு. அதுக்காகத்தான் அப்படிக் கண்ணும் கருத்துமா பார்த்துக்கிட்டேன். இப்ப முட்டையும் போச்சு. எந்த முகத்தை வெச்சுட்டுக் கேக்கறது?"

ரேஞ்சர் அம்மாவின் கையிலிருந்து சாவி விழுந்தது. அவர் இத்தனை நாள் நினைத்திருந்தது வேறு. கணவர் வேலைப் பழக்கத்தில் காவல் இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"இப்பவே கேளுங்க சார்" என்றார். கணவரை 'சார்' என்று கூப்பிட்டார். முதல் நாளில் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.

கணவர் திகைத்தார். காது மடல் சிவந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னைக் கட்டிக்கிறியாம்மா? பெரிசா ஒண்ணும் தர முடியாது. ஆனா ஒரு வாக்குக் குடுக்கறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் நீ வேலையை விட வேண்டியதில்லை. இந்த ஏரியை விட்டு நீ எங்கேயும் போக வேண்டாம். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் உன்னை இங்கேர்ந்து யாரும் போகச் சொல்ல மாட்டாங்க."

ரேஞ்சர் அம்மா அவரையே பார்த்தார்.

"சரிங்க சார்" என்றார். "கட்டிக்கிறேன்."

அவர் சிரித்தார். நிதானத்தைப் பார்த்து, ரேடியோவைப் பார்த்து, மறுபடி மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "எங்க கிளம்பிட்ட?"

"டவுன் வரைக்கும் ஒரு வேலை. வந்துடறேன்."

குனிந்து சாவியை எடுத்துக்கொண்டார். ஜீப் கிளம்பியது.

---

தையல்காரர் அன்று மாலையே வெளியே வந்தார். ரேஞ்சர் அம்மா எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் எதிரில் போய் நின்று, முதல் முறையாக முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். தையல்காரர், "அப்ப நாரைங்க வரவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தங்கை தோளைத் தொட்டுக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

மேலிடம் சுருக்கமாக முடித்தது. பொய்த் தகவல் கொடுத்ததற்காக ரேஞ்சர் அம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். சீருடை, முத்திரை, வாக்கிடாக்கி, ஜீப் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். குடியிருப்பைக் காலி செய்தார். பாதையைத் திறந்துவிட்டார்கள். கயிற்றை அறுத்துச் சுருட்டி யாரோ படகில் போட்டிருந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து நிதானமும் ரேடியோவும் ரேஞ்சர் அம்மாவும் கணவரும் குடியேறிய இடத்தைத் தேடிப் போனார்கள். கடைத்தெருவில், இரும்புக் கடைக்கு மேல் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர். ஜன்னலோரம் கணவர் காக்கியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பழைய சீருடையை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நிதானத்தை அவருக்கு நினைவில்லை. ரேடியோவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ஏரிப் பக்கம் போவியா? அங்க ஒரு பொண்ணு ரேஞ்சரா வேலை பார்க்குது. டவுனுக்குப் போறேன், வந்துடறேன்னு சொல்லிட்டுப் போச்சு. இன்னும் காணோம்."

சமையல் மூலையிலிருந்து ரேஞ்சர் அம்மா டீயோடு வந்தார். வீட்டில் உடுத்தும் சாதாரண உடை. முடியை அவசரமாக முடிந்திருந்தார். முள் கிழித்த தழும்புகள் மட்டும் கையில் அப்படியே இருந்தன.

"வந்துடுவாங்க" என்றார் கணவரிடம். "டீ குடிங்க."

"நீங்க யாரும்மா? ரொம்ப நாளா எனக்கு எல்லாம் செய்யறீங்க. உங்களை எனக்குத் தெரியலையே."

நிதானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ரேஞ்சர் காக்கிக்குள் இருந்த பெண்ணைத்தான் கணவருக்குத் தெரிந்திருந்தது. மேலிடத்து மேஜையில் ரேஞ்சர் அம்மா சீருடையை மடித்து வைத்த அன்று எதை ஒப்படைக்கிறோம் என்று தெரிந்தே ஒப்படைத்திருக்கிறார்.

"பக்கத்து வீடுங்க" என்றார் ரேஞ்சர் அம்மா.

டம்ளரை அவர் கையில் பிடிக்க வைத்துவிட்டுக் குனிந்து, மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தார். அவர் கூச்சத்தோடு பின்னால் நகர்ந்தார். ரேஞ்சர் அம்மாவின் விரல்களை மரியாதையாக விலக்கினார்.

"வேண்டாம்மா" என்றார். "அந்தப் பொண்ணு வந்து பார்த்தா தப்பா நினைச்சுக்கும்."